இல்லை என்று ஒரு வார்த்தை

தாராசுரம்
12.9.2022

சுடர்விழிக்கு,

நலம். நேற்று பள்ளியில் ஆசிரியர் அறையில் கிடந்த பேப்பரில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். உள்பக்கத்தில் நான்கே வரி. ஆதிதிராவிடர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கீழவல்லம்பூர் ஊராட்சியில் தலைவராக இருப்பவர் கிறிஸ்தவராக மாறியவர் என்று மனு, ஆர்.டி.ஓ. விசாரணை. உன் பெயரும் இருந்தது. பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார், "சார், இது உங்க ஊருதானே?" என்றார். ஆமாம் என்றேன். தங்கை என்று சொல்லவில்லை.

பதினோரு வருடமாக எழுதாதவன் நான். உன் புருஷனுக்கு வருடத் திதி அன்று, பத்துப் பேர் முன்னால், "நீ கண்ணுசாமி மகளே இல்லை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினவன். செங்கொடி பிடித்த அப்பாவின் மகள் ஜெபக்கூட்டம் நடத்துகிறாள் என்பதை அன்று என்னால் தாங்க முடியவில்லை. இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. பழசைக் கிளற எழுதவில்லை. போனில் பேசினால் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம் என்பதால் எழுதுகிறேன்.

ஒதுக்கீட்டில் ஜெயித்தவர் கிறிஸ்தவர் என்று நிரூபணமானால் பதவி போகும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. எனவே மூன்று விஷயம் தெரிய வேண்டும். மனு போட்டது யார்? எந்தச் சபைப் பதிவேட்டிலாவது உன் பெயர் இருக்கிறதா? விசாரணை என்று? பேப்பர்காரர்களிடம் வாயைத் திறக்காதே. உடனே பதில் எழுது.

செழியன்


கீழவல்லம்பூர்
20.9.2022

அன்புள்ள அண்ணனுக்கு,

சுடர் எழுதுவது. இப்போதெல்லாம் எனக்குத் தபாலில் வருவது நோட்டீஸ் மட்டும்தான். அதனால் தபால்காரர் உறையை நீட்டியதும் வாங்கி அரிசிப்பானை மூடிமேல் வைத்துவிட்டு, உலையை இறக்கி, கஞ்சி வடித்து, கையைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் எடுத்தேன். மேலே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு வருடத்துக்கு ஒரு கடிதம். அதிலும் மூன்று கேள்வி. 'சாப்பிட்டாயா, உடம்பு எப்படி' என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அண்ணி எப்படி இருக்கிறார்கள்? கால் வலி தேவலையா? நான் கேட்டுவிட்டேன், பார்த்தீர்களா? சரி, வாத்தியார் கேள்விக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

மனு போட்டது துணைத் தலைவர் ராம்கி. மேலத்தெரு. உங்களுக்கு அவனைச் சின்னப் பையனாகத்தான் ஞாபகம் இருக்கும். இப்போது நாற்பது வயது. அவனுக்கு என் சாமிமேல் ஒரு கோபமும் கிடையாது. கோபம் எல்லாம் பாதைமேல்தான். நம் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற வழி இன்றும் அவன் வயல் வரப்புத்தான். ஆனால் பழைய நில அளவைப் புலப்படத்தில் அங்கே பன்னிரண்டு அடி வண்டிப்பாதை புறம்போக்கு இருக்கிறது. ஜமாபந்தியில் மனு கொடுத்து, தாசில்தாரிடம் ஏழெட்டு முறை நடந்து, அளந்து கல் ஊன்ற உத்தரவு வாங்கிவிட்டேன். உத்தரவு வந்த பத்தாம் நாள் என்மேல் மனு போய்விட்டது.

இரண்டாவது கேள்வி. எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் இல்லை. முள்ளியாற்றில் ஞானஸ்நானம் எடுத்தேன். பாஸ்டரும் நான்கு பெண்களும்தான் இருந்தார்கள். பாஸ்டர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. காகிதம் எதுவும் இல்லை. மூன்றாவது, விசாரணை அக்டோபர் பதினொன்று.

கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அலுப்பாக இருக்கிறது அண்ணா. எதிர்ப்பு என்றால் சிங்கம் மாதிரி எதிரில் வந்து நிற்கும், நாமும் நிமிர்ந்து நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். அது கொசு மாதிரி வருகிறது. ஜெபம் நடக்கிற கொட்டகையின் தகரத்தில் ஒருநாள் கல். மறுநாள் போலீஸ் வந்து, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்கும். ரேஷன் கடை வரிசையில் யாராவது பின்னால் நின்று 'அல்லேலூயா' என்று மெதுவாகச் சொல்வார்கள். திரும்பினால் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். எதையும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் தினமும் உண்டு.

கடைமடைக்கு இந்த வருடம் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. சம்பா நாற்று பச்சையாக நிற்கிறது. அதைப் பார்க்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் ஆறுகிறது.

உங்கள் தங்கை
சுடர்


தாராசுரம்
3.10.2022

சுடர்,

சாப்பிட்டாயா? உடம்பு எப்படி? அண்ணியின் கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை அவளே எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பதிவேடு இல்லை, பாஸ்டர் இல்லை என்றால் அவர்களிடம் ஆதாரம் ஒன்றுமே இல்லை. நீ சொல்வதுதான் ஆதாரம். 'நான் கிறிஸ்தவர் இல்லை' என்று ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடு. மனு தள்ளுபடி ஆகிவிடும்.

உன் மனசு முரண்டு பிடிக்கும் என்று தெரியும். அதனால் என் கதையைச் சொல்கிறேன். என் சாதிச் சான்றிதழில் இந்து என்றுதான் இருக்கிறது. அதைக் காட்டித்தான் படித்தேன், வேலை வாங்கினேன். கூப்பிடு தூரத்தில் இவ்வளவு பெரிய கோயில் இருந்தும் இருபது வருடத்தில் சாமி கும்பிட ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. அந்த வார்த்தை என் நம்பிக்கையா? இல்லை. அது ஒரு சாவி. நம் ஆட்களுக்குக் கிடைத்த ஒன்றிரண்டு சாவிகளில் ஒன்று. அதை நான் கூச்சமில்லாமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் என்ன?

அம்மாவை எடுத்துக்கொண்டு போன நாள் உனக்குத் தெரியாது. பெண்கள் நீங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டீர்கள். கார்த்திகை மழை. பாடையில் முன்பக்கம் இடது தோள் நான். பாதி வரப்பில் கால் சறுக்கியது. அம்மா சேற்றில் விழுந்தாள். முகத்தில் அப்பியிருந்ததை என் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். யாரும் உங்களிடம் சொல்லவேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் சொல்லவும் இல்லை. இப்போது சொல்கிறேன். நாற்பது வருடமாக நம் தெரு கேட்ட பாதை இன்று உன் கையில் இருக்கிறது. ஒரு வார்த்தைக்காக அதை விடாதே.

தேவைப்பட்டால் நானே சாட்சிக்கு வருகிறேன்.

அண்ணன்
செழியன்


கீழவல்லம்பூர்
4.11.2022

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு உடனே எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தச் சட்டையைத் துவைத்தது நான்தான் அண்ணா. நீங்கள் விழுந்துவிட்டதாகச் சொன்னீர்கள். நம்பினேன்.

இரண்டு தடவை விசாரணையைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நான்தான் கேட்டேன். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. சர்வேயர் வருகிற தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அவர் வந்து கல் ஊன்றும்வரையாவது நான் நாற்காலியில் இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்தேன். அடுத்த தேதி நவம்பர் இருபத்தொன்பது. இனிமேல் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் ராம்கி வீட்டுக்கே வந்தான். வாசலில் நின்றபடி மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, நீங்க யாரைக் கும்பிட்டா எனக்கென்ன? அந்தப் பாதையை மட்டும் கிடப்புல போடுங்க. நாளைக்கே மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்க பாட்டுக்கு ஜெபம் பண்ணுங்க" என்றான். யோசித்துப் பாருங்கள் அண்ணா. பாதையை விட்டுக்கொடுத்தால் என் ஆண்டவரை வைத்துக்கொள்ளலாம். ஆண்டவரை விட்டுக்கொடுத்தால் பாதையை வைத்துக்கொள்ளலாம். அவன் ஒன்றைக் கேட்கிறான், நீங்கள் ஒன்றைக் கேட்கிறீர்கள். பாதை ஊராருடையது, அதை விலை பேச எனக்கு உரிமையில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். உங்களுக்குத்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அன்று திதியில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "செத்துத்தானே போனான், அப்புறம் எதுக்கு அந்தச் சாமி?" என்று. அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் கிடந்த நாற்பது நாளில், வார்டு கூட்டிப் பெருக்குகிற ஜெயபாரதி என்று ஒரு அம்மா இருந்தார்கள். அவரைத் தொட்டுத் துடைக்க நர்ஸ்களே யோசிப்பார்கள், அவ்வளவு வாடை. அந்த அம்மா தன் வேலை முடிந்த பிறகு வந்து, என்னோடு சேர்ந்து அவரைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, பத்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்கள். பிழைப்பார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் போன அன்று என்னைவிட அதிகமாக அழுதது அந்த அம்மாதான். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். எனக்கு ஒருவர் இப்படிச் செய்தார் என்று இயேசுவைக் காட்டினார்கள். அவ்வளவுதான் அண்ணா. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் செத்துப்போனார். ஆனால் அந்த நாற்பது நாளில் நான் தனியாக இல்லை. அதற்குப் பிறகும் ஒருநாள்கூட இல்லை. அந்த இயேசுவை எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

சாட்சிக்கு வரவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்
சுடர்


தாராசுரம்
12.11.2022

சுடர்,

ஜெயபாரதி அம்மாள் நல்ல மனுஷி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நன்மையை மனுஷியின் கணக்கில் எழுதாமல் ஏன் மேலே அனுப்புகிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. காய்ச்சல் என்று இரண்டுமுறை பொய் எழுதிக் கொடுத்திருக்கிறாய். காய்ச்சல் என்று பொய் சொல்லலாம், கிறிஸ்தவர் இல்லை என்று சொல்லக்கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?

நெருங்கிய உறவு என்ற முறையில் எனக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. வரவேண்டாம் என்று நீ சொன்னாலும் நான் வரவேண்டும்.

செழியன்


கீழவல்லம்பூர்
1.12.2022

அன்புள்ள அண்ணனுக்கு,

விசாரணை அன்று காலையில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கும்பகோணம் பஸ் ஏறிவிட்டீர்கள். பார்த்தால் நான் ஏதாவது சொல்வேன் என்று பயந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். கோபப்பட்டுக் கிழித்துவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

என்னை மதியம் மூன்று மணிக்குமேல்தான் கூப்பிட்டார்கள். ஆர்.டி.ஓ. சின்ன வயசுப் பெண். மூக்கடைப்பு, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் வாக்குமூலத்தை எடுத்து அவரே வாசித்தார். 'என் உடன்பிறந்த தங்கை சுடர்விழி இந்து மதத்தைச் சேர்ந்தவர். எந்தக் காலத்திலும் மதம் மாறியவர் இல்லை.' கீழே உங்கள் முழுப் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், பதவி.

வாசித்துவிட்டு, "மனுதாரர்கிட்ட ஆதாரம் எதுவும் இல்லம்மா. உங்க அண்ணன் கவர்மெண்ட் வாத்தியார், அவரே எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க கிறிஸ்தவரான்னு நான் கேக்கணும். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இத்தோட முடிச்சிடறேன்" என்றார்.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் வந்து போயிற்று. பதினாறாம் தேதிதான் சர்வேயர் வந்து கல் ஊன்றினார். நூறு நாள் வேலைப் பெண்கள் பாதித் தூரத்துக்கு மண் கொட்டியிருக்கிறார்கள். இன்னும் இருபது நாள் இருந்தால் முடிந்துவிடும். அம்மா முகம். உங்கள் சட்டை. எல்லாம்தான் வந்தது. இல்லை என்ற வார்த்தை நாக்குவரை வந்தது அண்ணா, பொய் சொல்லவில்லை.

"கிறிஸ்தவள்தாங்க மேடம்" என்றேன்.

"அப்போ உங்க அண்ணன் எழுதினது?"

"என்னைக் காப்பாத்தணும்னு எழுதியிருக்காங்க. அது உண்மை இல்லைங்க."

டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க் நிறுத்திவிட்டார். ஆர்.டி.ஓ. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இதனால உங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்று கேட்டார். அதிகாரியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒன்றும் கிடைக்காதுங்க என்றேன்.

சாட்சி சொன்னால் மனசில் பெரிய சமாதானம் வரும் என்று சபையில் சொல்வார்கள். நானோ பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம், உங்கள் காகிதத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்று வழியெல்லாம் தோன்றியது. என் நாற்காலியை நான் உதறலாம். உங்கள் பெயரை ஏன் இழுத்தேன்? கேட்டார்கள், சொல்லிவிட்டேன்.

காய்ச்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல் என்றது என்னைப் பற்றிய பொய். அதுவும் தப்புத்தான், முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் மற்றது ஆண்டவரைப் பற்றிய பொய். என்னைப் பற்றிப் பொய் சொல்கிற அளவுக்கு நான் கெட்டவள். அவரைப் பற்றிச் சொல்ல வரவில்லை. இது நியாயமா என்று கேட்டால், தெரியாது.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

சுடர்


கீழவல்லம்பூர்
17.1.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒன்றரை மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பொங்கலுக்காவது வரும் என்று தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணிக்கும் உங்களுக்கும் பொங்கல் வாழ்த்து.

டிசம்பர் கடைசியில் உத்தரவு வந்துவிட்டது. பதவி நீக்கம். ஆபீஸ் சாவியையும் சீலையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பொறுப்பு ராம்கியிடம். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. பாவம், தலையைக் குனிந்துகொண்டான். மறுநாளே மண் வேலையை நிறுத்திவிட்டார்கள். பாதி தூரம் பாதை, பாதி தூரம் வரப்பு. கல் மட்டும் வரிசையாக நிற்கிறது.

மேலத்தெரு பேசுவது எனக்குப் பழகிவிட்டது. நம் தெரு பேசுவதுதான் பழகவில்லை. பக்கத்து வீட்டு வேம்பு அக்கா, தேர்தலில் எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கினவள், குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "உன் சாமி உனக்குச் சொர்க்கத்துக்குப் பாதை போட்டுடுச்சு சுடரு. எங்களுக்குச் சுடுகாட்டுக்கு யாரு போடுறது?" என்று. குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் கேட்டதில் என்ன தப்பு? ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் பதினான்கு பேர் வருவார்கள். இப்போது மூன்று பேர். வராதவர்களை நான் குறை சொல்லவில்லை. கூடவே நின்றால் அவர்கள் பிள்ளைகளின் சான்றிதழையும் கிளறுவார்கள்.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. யாரோ உங்கள்மேல் கல்வித்துறைக்கு மனு போட்டிருக்கிறார்களாம். அரசு ஊழியர் பொய் வாக்குமூலம் கொடுத்தார் என்று, ஆர்.டி.ஓ. முன்னால் நான் சொன்னதையே நகல் எடுத்து இணைத்து. ராம்கிதான் என்கிறார்கள், அவன் இல்லை என்கிறான். இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிற உங்களுக்கு என்னால் இது. நான் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன் அண்ணா. ஆனால் அது உங்கள்மேல் விழுந்ததற்காக உங்கள் காலில் விழுகிறேன்.

இப்போதெல்லாம் ஜெபிக்கும்போது வார்த்தை வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவரும் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

சுடர்


கீழவல்லம்பூர்
19.2.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இதற்கும் நீங்கள் பதில் எழுதப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஊரில் நடந்தது உங்களுக்குத் தெரியவேண்டும்.

இந்த மாதத் தொடக்கத்தில் அறுக்கிற நேரம் பார்த்து மழை கொட்டியது. சம்பா அத்தனையும் சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. அந்த மழையில்தான் வேம்பு அக்காவின் புருஷன் காலமானார். பாதி தூரம் கல்லுக்கு நடுவே மண்பாதையில் சிரமமில்லாமல் போனார்களாம். மண் முடிகிற இடத்தில் நின்றுவிட்டார்களாம். அங்கிருந்து வரப்பில் இறங்கி, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று போயிருக்கிறார்கள். சுடுகாட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

மழை விட்ட மூன்றாம் நாள் காலையில் வேம்பு அக்கா கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு அந்த மண் முடிகிற இடத்துக்குப் போனாள். யாரையும் கூப்பிடவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் மண்ணை வெட்டிப் போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் மருமகள் போனாள். பிறகு நான்கு பேர். மதியத்துக்குள் தெருவே அங்கே நின்றது. நானும் போய்க் கடைசியில் நின்று கூடை வாங்கிக் கொட்டினேன். யாரும் என்னோடு பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ராம்கி போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தான். இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார், கிராம நிர்வாக அலுவலர் கொண்டுவந்த படத்தைப் பார்த்தார், கல்லுக்கு உள்ளேதான் மண் விழுகிறது என்று பார்த்தார். அதைத் தாண்டிக் கொட்டாதீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐந்து நாளில் பாதை சுடுகாட்டைத் தொட்டுவிட்டது. ஆட்டோ போகிறது.

என்னால் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், நான் இல்லாமல்தானே முடிந்தது. ஆனால் ஒன்று மனசை அரிக்கிறது. அந்தக் கல் இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் தடுத்திருப்பார். காய்ச்சல் என்று பொய் சொல்லி வாங்கிய நாட்களில் ஊன்றிய கல் அது. உண்மை சொல்லி எல்லாம் போயிற்று. பொய் சொல்லி ஊன்றியது நிற்கிறது. இதை ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கலாம் என்றால் நீங்களும் பேசுவதில்லை.

ஜெபத்துக்கு இப்போதும் மூன்று பேர்தான்.

சுடர்


தாராசுரம்
14.3.2023

அன்புள்ள சுடருக்கு,

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. ஒன்றையும் கிழிக்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை வேறு ஏதோ எழுதியது. அதைத்தான் கிழித்தேன்.

கோபம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பதவி போனதற்கு இல்லை. இந்து என்ற வார்த்தையை முப்பது வருடமாக எனக்காகச் சுமந்து எனக்கே கசந்துபோயிருக்கிறது. அதை உனக்காக ஒருமுறை என் கையால் எழுதினேன். என்னிடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. அதை நீ ஒரு கிளார்க் முன்னால் பொய் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாய். வாந்தி எடுத்ததாக எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும் கோபம் தணியவில்லை.

ஜனவரியிலேயே மெமோ வந்துவிட்டது. விளக்கம் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர். தன் அறைக்குக் கூப்பிட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து, "சார், தங்கச்சி மதம் மாறினது எனக்குத் தெரியாதுன்னு எழுதிடுங்க. பதினோரு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லையே, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தைதானே, ஃபைலை மூடிடலாம்" என்றார். அதே வார்த்தைகள், சுடர். நான் உனக்கு எழுதியதும் அதுதான், அந்த ஆர்.டி.ஓ. உன்னிடம் சொன்னதும் அதுதான்.

காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுதுவது சுலபம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாது என்று எழுதினால், திதி அன்று உன்னிடம் கத்தினது யார்? பதினோரு வருடம் உன்னை ஒதுக்கிவைத்தது எதற்காக? நீ கிறிஸ்தவள் என்பதை இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? அதற்காகத் தங்கையையே வேண்டாம் என்றவன் நான். கடவுளுக்குப் பயந்து நீ நின்றாய். எனக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனாலும் என்னால் அதை எழுத முடியவில்லை. ஏன் என்று கேட்காதே. அன்று மூன்று மணிக்கு அந்த அறையில் நீ எப்படிக் களைத்துப்போயிருப்பாய் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

'என் தங்கை கிறிஸ்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தே மாற்றி எழுதிக் கொடுத்தேன்' என்று எழுதினேன். தலைமையாசிரியர் படித்துவிட்டு, நல்ல குடும்பம் சார் உங்களுது என்றார். என் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறிவிட்டது. முப்பது வருடத்தில் முதல் கறுப்புப் புள்ளி. அண்ணி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் ஆண்டவரிடமே கேள். அவர் சொன்னால் எனக்கும் எழுது.

பள்ளிக்கு இந்தச் சனி, ஞாயிறு விடுமுறை. மன்னார்குடி வழியாக வருகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு வரலாம் என்றால் எனக்கும் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, அதனால் கோபத்தோடே வருகிறேன். ஞாயிறு உன் ஜெபத்தில் உட்காரமாட்டேன், அதை மட்டும் வற்புறுத்தாதே. மதியம் சாப்பிட்டுவிட்டு உன்னோடு ஒரு நல்ல சண்டை போடவேண்டும். சோறு கொஞ்சம் கூடுதலாக வை. அண்ணியும் வருகிறாள்.

அண்ணன்
செழியன்